அசோகமித்திரனை எந்த வேகத்தில் படிப்பது?

அசோகமித்திரனின் சிறுகதைகளை முழுத் தொகுப்பாக வாங்கிப் படிப்பவர்களுக்கு, அவை அப்படிச் சேர்த்துப் படிப்பதற்காக எழுதப்பட்டவை அல்ல என்பது எளிதில் தோன்றாது. இருநூறுக்கும் மேற்பட்ட அக்கதைகள் பல பத்தாண்டுகளில், பெரும்பாலும் பத்திரிகைகளுக்காக, ஒவ்வொன்றாக எழுதப்பட்டவை. அன்றைய வாசகர் ஒரு கதையைப் படித்துவிட்டு அடுத்ததற்கு வாரக்கணக்கிலோ மாதக்கணக்கிலோ காத்திருந்தார். நமக்கோ அடுத்த கதை அடுத்த பக்கத்திலேயே இருக்கிறது. இத்தொகுப்பை நான் ஒருமுறை தொடர்ச்சியாகவும், சில ஆண்டுகள் கழித்து, இடையிடையே வேறு எழுத்தாளர்களைப் படித்துக்கொண்டு நிதானமாகவும் வாசித்திருக்கிறேன். இரண்டு வாசிப்புகளிலும் கிடைத்தவை வெவ்வேறு என்பதால் இதை எழுதுகிறேன்.

தொடர்ச்சியாகப் படிக்கும்போது தொடக்கத்தில் வியப்பு குறைவதில்லை. குரலை உயர்த்தாத நடை, யாரையும் குற்றவாளியாக்காத பார்வை, சொல்ல வேண்டியதைச் சொல்லாமலே நிறுத்திக்கொள்ளும் முடிவு ஆகியவை ஒவ்வொரு கதையிலும் புதிதாகவே தெரிகின்றன. ஆனால் ஒரு கட்டத்திற்குப் பிறகு, கதை எங்கே நிற்கப்போகிறது என்பதை மனம் முன்கூட்டியே கணிக்கத் தொடங்கிவிடுகிறது. 'எலி' கதையில், இரவில் வெளியே போய் வாங்கிவந்து பொறியில் வைத்த வடையை எலி தின்னவே இல்லை என்பதைக் கணேசன் கடைசியில் காண்கிறான். தனியாகப் படித்தால் அந்த வடை இரண்டு நாள் நம்மை விடாது. ஒரே மாலையில் நான்காவது கதையாகப் படித்தபோதோ, 'ஆமாம், இவர் இப்படித்தான் முடிப்பார்' என்ற தலையசைப்போடு அடுத்ததற்குப் போய்விட்டேன். அடக்கமே வலிமையாக உள்ள எழுத்தாளருக்கு இது பெரிய அநியாயம். ஓசை மிகுந்த எழுத்தாளர்களை அடுக்கிப் படித்தால் அலுப்பு வரும், அது வெளிப்படையாகவும் தெரிந்துவிடும். அசோகமித்திரனிடம் அலுப்பு வருவதில்லை என்பதால், கதைகள் நம்மைத் தொடாமல் கடந்துபோவதை நாம் கவனிப்பதே இல்லை.

நிதான வாசிப்பில் எனக்கு அதிகம் திறந்துகொடுத்த கதை 'புலிக்கலைஞன்'. ஸ்டுடியோவுக்கு வாய்ப்புத் தேடி வரும் காதர் புலியாக மாறிக் காட்டும் பகுதியைப் பற்றித்தான் எல்லோரும் பேசுவார்கள்; முதல் வாசிப்பில் எனக்கும் அதுவே நின்றது. தனியாகப் படித்தபோதுதான், அவனுக்கு வாய்ப்புத் தர வேண்டிய இடத்தில் அமர்ந்திருப்பவர்களே வேலையின்றிப் பொழுதுபோக்கிக்கொண்டிருக்கும் ஊழியர்கள் என்பதைத் தொடக்கப் பக்கங்கள் எவ்வளவு விரிவாகச் சொல்கின்றன என்று கவனித்தேன். அந்தப் பக்கங்களை அவசரமாகக் கடந்தவருக்கு, பின்னால் காதருக்கு அனுப்பிய கடிதம் திரும்பி வருவது ஒரு ஏழைக் கலைஞனின் துயரமாக மட்டுமே தெரியும். இரு தரப்பாரையும் ஒரே தொழில் கைவிட்டுக்கொண்டிருப்பது தெரியாது. ஜெமினி ஸ்டுடியோவில் பல ஆண்டுகள் வேலை பார்த்தவர் எழுதியது என்ற தகவலையும் சேர்த்துக்கொண்டால் அந்த அலுவலகப் பகுதியின் எடை இன்னும் கூடும்.

ஆனால் நாவல்களுக்கு இதே அளவுகோல் பொருந்தாது. 'கரைந்த நிழல்கள்' நாவலை வாரம் ஓர் அத்தியாயமாகப் படிப்பது வீண். அத்தியாயத்திற்கு அத்தியாயம் மையப் பாத்திரம் மாறிக்கொண்டே போகும் அந்நாவலில், தொடக்கத்தில் ஓடியாடி வேலை பார்க்கும் தயாரிப்பு நிர்வாகி நடராஜன் பிற்பாடு என்ன ஆனார் என்பது பேச்சுவாக்கில்தான் தெரியவருகிறது. நடராஜனின் முகம் நினைவில் பசுமையாக இருந்தால் மட்டுமே அந்த வரிகள் வேலை செய்யும். சினிமாத் தொழில் மனிதர்களை எவ்வளவு விரைவாக உதிர்த்துவிடுகிறது என்பதைப் பேசும் நாவல், விரைந்து படித்தால்தான் பிடிபடுகிறது.

செகந்தராபாத் பின்னணிக் கதைகளையும் நான் சேர்த்தே படிப்பேன். 1948இல் ஹைதராபாத் சமஸ்தானம் இந்திய ஒன்றியத்துடன் இணைக்கப்பட்ட காலத்தில் நிகழும் '18வது அட்சக்கோடு' நாவலை முடித்த கையோடு, அதே ஊரைச் சுற்றி எழுதிய சிறுகதைகளுக்குப் போனால், ரயில்வே குடியிருப்பும் அண்டை வீட்டாரும் சைக்கிள் பயணங்களும் ஒன்றையொன்று நிரப்பிக்கொள்கின்றன. இங்கே மட்டும் அடுக்கிப் படிப்பதில் நட்டம் இல்லை.

2017இல் அவர் மறைந்த பிறகு, இனிப் புதிதாக எதுவும் வராது என்பதால் ஒரு நாவலைப் படிக்காமலே மிச்சம் வைத்திருக்கும் வாசகர்களை நான் அறிவேன். அந்த உணர்வு புரிகிறது என்றாலும் அதில் எனக்கு உடன்பாடில்லை. மறுவாசிப்பில் இவ்வளவு கொடுக்கும் எழுத்தாளர் தீர்ந்துபோவார் என்று அஞ்சுவதற்குக் காரணமில்லை. தவிர, அவ்வளவு காலம் பூட்டி வைத்த புத்தகத்தின் மீது ஏறும் எதிர்பார்ப்பைத் தாங்கும் நாவல்களை அவர் எழுதவும் இல்லை, எழுத விரும்பவும் இல்லை.

புதிதாகத் தொடங்குபவர்கள் 'தண்ணீர்' நாவலை ஒரே விடுமுறை நாளில் படித்துவிடலாம். பிறகு சிறுகதைத் தொகுப்பைத் திறக்கும்போது வரிசையைப் பற்றிக் கவலைப்படாமல் நாளுக்கு ஒரு கதை என்று வைத்துக்கொள்வது நல்லது. 'பிரயாணம்' படிக்கும் வாரத்தில் மட்டும் வேறு கதையே வேண்டாம்.