அரசு தரும் சிவப்பு சத்து மாத்திரை: மெடிக்கல் மாத்திரைக்கு ஈடாகுமா?

ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசமாகக் கொடுக்கும் சிவப்பு இரும்புச்சத்து மாத்திரையைப் பலர் வாங்கி வந்து பீரோவில் போட்டுவிடுவார்கள். பிறகு மெடிக்கலில் ‘நல்லதா ஒண்ணு’ கேட்டுக் காசு கொடுத்து வாங்குவார்கள். இரண்டு அட்டையையும் திருப்பி வைத்துப் படித்தால், பெரும்பாலானவர்களுக்கு அந்தச் செலவு வீண் என்பது புரிந்துவிடும்.

பார்க்க வேண்டியது ‘எலிமெண்டல் அயர்ன்’, அதாவது உள்ளே இருக்கும் சுத்த இரும்பு, என்று அச்சிட்டிருக்கும் எண்ணை மட்டும். மாத்திரைக்குள் இரும்பு ஏதாவது ஓர் உப்பாகத்தான் இருக்கும். ஃபெரஸ் ஃபியூமரேட்டில் மூன்றில் ஒரு பங்குதான் இரும்பு. ஃபெரஸ் குளுக்கோனேட்டில் 12 சதவீதம்தான், ‘300 மி.கி.’ என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தாலும் உள்ளே கிடைப்பது சுமார் 35 மி.கி. சிவப்பு மாத்திரையில் 60 மி.கி. இரும்பும் 500 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலமும் இருக்கின்றன. பள்ளியில் வாரம் ஒன்று கொடுக்கும் நீல மாத்திரையிலும் இதே அளவுதான், நிறம் மட்டும் வேறு.

‘மெடிக்கலில் 100 மி.கி. கிடைக்கிறதே’ என்பார்கள். ஃபெரஸ் அஸ்கார்பேட் உப்பாக 100 மி.கி. இரும்பு தரும் அந்த மாத்திரை கெட்ட மருந்தில்லை. ஆனால் அளவு கூடுவதற்கேற்ப உடம்பு உறிஞ்சுவது கூடுவதில்லை. 60 மி.கி. உள்ளே போனதுமே கல்லீரல் ஹெப்சிடின் என்ற ஹார்மோனைச் சுரந்து, ஏறக்குறைய ஒரு நாளைக்குக் குடலின் கதவைச் சாத்தப் பார்க்கிறது. சூரிச்சில் நடந்து 2017இல் வெளியான ஆய்வில், இரும்புச் சேமிப்பு குறைந்த பெண்கள் தினமும் 60 மி.கி. சாப்பிட்டபோது 16.3 சதவீதம் உறிஞ்சப்பட்டது. ஒருநாள் விட்டு ஒருநாள் சாப்பிட்டபோது 21.8 சதவீதம். உறிஞ்சாத மிச்சம் குடலிலேயே தங்கி, வயிற்றுப் பிரட்டலையும் மலச்சிக்கலையும் கொண்டுவருகிறது. தினமும் ஒத்துக்கொள்ளாதவர்கள் டாக்டரைக் கேட்டு ஒருநாள் விட்டு ஒருநாளுக்கு மாறலாம். கர்ப்பிணிகள் மட்டும் தாங்களாக மாற்றிக்கொள்ளக் கூடாது. அவர்களுக்கு ரத்தசோகை வராமல் தடுக்கும் அளவே நாலாம் மாதத்திலிருந்து தினம் ஒன்று, 180 நாள். ஹீமோகுளோபின் 11க்குக் கீழே இறங்கினால் தினம் இரண்டு கொடுப்பார்கள்.

மெதுவாகக் கரையும் வகை, குடலில் கரையும் பூச்சு போட்டது இரண்டையும் பரிந்துரைக்க மாட்டோம். இரும்பு முக்கியமாக உறிஞ்சப்படுவது இரைப்பையைத் தாண்டியதும் வரும் முன்சிறுகுடலில். மாத்திரை கரைவதற்குள் அந்த இடம் கடந்துபோய்விடும்.

வெறும் வயிற்றில், தண்ணீரோடோ எலுமிச்சைச் சாற்றோடோ போடுவது நல்லது. பிரட்டினால் கொஞ்சம் சாப்பிட்டுவிட்டுப் போடலாம். உறிஞ்சுவது குறையும், ஆனாலும் நிறுத்துவதற்கு அது மேல். நம் வீடுகளில் மாத்திரையைக் கெடுப்பது காலைக் காபிதான். முன்னும் பின்னும் ஒரு மணி நேரம் காபி, டீ, பால் எதுவும் வேண்டாம். கால்சியம் மாத்திரைக்கு இரண்டு மணி நேர இடைவெளி, தைராய்டு மாத்திரைக்கு நாலு மணி நேரம். டாக்ஸிசைக்ளின், சிப்ரோஃப்ளாக்சசின் ஆகிய ஆன்டிபயாடிக்குகளைச் சாப்பிடும்போது டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். இரும்பு அவற்றைப் பிடித்துவைத்துக்கொள்ளும். மலம் கறுப்பாகப் போவது சாதாரணம். தார் மாதிரி பிசுபிசுவென்று, கெட்ட நாற்றத்தோடு போனால் அது ரத்தக்கசிவாக இருக்கலாம், ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

டானிக்கா? இரும்பின் அளவு 5 மில்லிக்கா 15 மில்லிக்கா என்று பார்த்து வாங்குங்கள். பல்லில் கறை பிடிக்கும், ஸ்ட்ரா போட்டுக் குடிக்கலாம்.

சரியாகச் சாப்பிட்டால் நாலு வாரத்தில் ஹீமோகுளோபின் 2 கிராம் அளவுக்கு ஏற வேண்டும். ஏறினதும் நிறுத்துவதுதான் பலரும் செய்யும் தப்பு. அப்போது ரத்தம்தான் தேறியிருக்கும், சேமிப்பான ஃபெரிட்டின் காலியாகவே கிடக்கும். ஹீமோகுளோபின் சரியான பிறகும் மூன்று மாதம் தொடர வேண்டும். ஏறவே இல்லையென்றால் வேறு பிராண்டு தேடாமல் காரணத்தைத் தேடுங்கள்: அதிக மாதவிடாய், மூலம், கொக்கிப்புழு, பரம்பரையாக வரும் ரத்தக் குறைபாடான தலசீமியா. தலசீமியா கேரியர்களின் ரத்தப் பரிசோதனையும் இரும்புக் குறைவு மாதிரியே தோன்றும். அவர்களில் இரும்புக் குறைவு இல்லாதவர்களுக்கு மாத்திரை பயன்படாது. அதனால்தான் தொடங்குமுன் ஃபெரிட்டின் பார்க்கச் சொல்கிறோம். ஆண்களுக்கும் மாதவிடாய் நின்ற பெண்களுக்கும் இரும்பு குறைந்தால், முதலில் வயிற்றிலோ குடலிலோ ரத்தம் கசிகிறதா என்று பார்க்க வேண்டும்.

மருந்தாக இந்த மாத்திரைக்கு முழு மதிப்பெண். குறை, சர்க்கரைப் பூச்சும் சிவப்பு நிறமும் சேர்ந்து பார்க்க மிட்டாய் மாதிரியே இருப்பது. பத்து கிலோ எடையுள்ள குழந்தைக்கு நாலு மாத்திரையே வாந்தி, வயிற்றுப்போக்கை உண்டாக்கலாம். பத்து மாத்திரை உயிருக்கே ஆபத்து. வாந்தி நின்று சில மணி நேரம் குழந்தை தெளிந்தது போல இருக்கும், அதை நம்பி வீட்டிலேயே வைத்திருக்கக் கூடாது. கல்லீரல் பழுதாவது அதற்குப் பிறகுதான். உடனே 108ஐக் கூப்பிடுங்கள். மிச்சமிருக்கும் அட்டையைக் கையோடு கொண்டுபோனால், எத்தனை மில்லிகிராம் உள்ளே போயிருக்கிறது என்று டாக்டர் அங்கேயே கணக்குப் போட்டுவிடுவார்.