‘மிஸ்டர் பேட் கை’: குரலுக்குக் குறைவில்லை, கொட்டுக்குத்தான் குறை

குயீன் ரொக் குழுவின் பாடகர் ஃப்ரெடி மெர்க்குரி தனியாகப் போட்ட முதல் அல்பம் இது. 1985 ஏப்ரல் 29இல் வெளியானது. பதிவு ஜேர்மனியின் மியூனிக்கில் அப்போது இருந்த மியூசிக்லாண்ட் ஸ்டூடியோவில். தயாரிப்பில் அவரோடு ராய்ன்ஹோல்ட் மாக். பாட்டு 11, எல்லாம் அவரே எழுதியவை. மொத்தம் ஏறத்தாழ 41 நிமிடம். மட்டக்களப்பில் பஸ் ஏறிக் காதில் மாட்டினால் கல்முனை வரமுன் முடிந்துவிடும்.

எந்தப் பதிப்பைக் கேட்பது என்பதில்தான் பலரும் தடுக்குப்படுகிறார்கள். 1985 பதிப்பில் சிந்தசைசரும் தாளமும் முன்னுக்கு வந்து குரலை நெருக்குகின்றன. மூல நாடாக்களை எடுத்து, குரலையும் கருவிகளையும் புதிதாக அளவு பார்த்துக் கலந்த (மிக்ஸ் செய்த) பதிப்பு 2019இல் வந்தது. அதில் மூச்சு எடுக்கும் இடம்கூடத் துலக்கமாகக் கேட்கிறது. புதிதாகக் கேட்பவருக்கு அதுவே போதும். 320 கேபிபிஎஸ் தரத்தில் இறக்கினால் 100 எம்பி அளவில் டேட்டா போகும். ‘லிவிங் ஒன் மை ஓன்’ பாட்டைத் தேடும்போது மட்டும் கவனம்: 1993இல் நடனத் தாளத்துக்கு மாற்றிய ரீமிக்ஸ் ஒன்று பிரித்தானியாவில் முதலிடம் பிடித்தது, தேடலில் அதுவே முதலில் வந்து நிற்கக்கூடும். அல்பத்தில் இருப்பது வேறு. சொல்லே இல்லாமல் வெறும் அசைகளை உருட்டி விளையாடும் இடங்களை அதில்தான் நிதானமாக அனுபவிக்கலாம்.

இந்த அல்பத்தின் பலமும் பலவீனமும் ஒரே இடத்தில்தான் இருக்கின்றன: பக்கத்தில் நின்று மறுத்துப் பேச குயீன் ஆட்கள் இல்லை. கோரஸ்களைக் கேளுங்கள். நம்மூர்க் கூத்தில் ஆட்டக்காரர் ஒரு வரியை விட, பிற்பாட்டுக்காரர் அதை வாங்கிப் படிப்பார்கள். இங்கே ஆட்டக்காரரும் பிற்பாட்டும் ஒரே ஆள். தன் குரலையே அடுக்கடுக்காகப் பதிந்து நிரப்பியிருக்கிறார். தலைப்புப் பாட்டில் அது போதாதென்று முழு ஓர்கெஸ்ட்ராவையும் இறக்கிவிட்டார். கொஞ்சம் மிகைதான், ஆனால் மிகை இந்த மனிதருக்குப் பொருந்துகிறது.

பொருந்தாதது தாளம். கேர்ட் கிரெஸ் ட்ரம்ஸ் வாசித்திருந்தும், பல பாட்டுகளில் காதில் விழுவது அளந்து வைத்த எந்திரக் கொட்டு. வித்தியாசம் விளங்க ஒரு வழி உண்டு. ‘மேட் இன் ஹெவன்’, ‘ஐ வோஸ் போர்ன் டு லவ் யூ’ இரண்டையும் இதில் ஒருமுறை கேட்டுவிட்டு, 1995இல் குயீன் வெளியிட்ட ‘மேட் இன் ஹெவன்’ அல்பத்தில் திரும்பக் கேளுங்கள். 1991இல் மெர்க்குரி இறந்த பிறகு, அதே குரலுக்குக் கீழே மற்ற மூவரும் புதிதாக வாசித்தது அது. பிரையன் மேயின் கிற்றார் குரலோடு மல்லுக்கட்டுகிறது, ரோஜர் டெய்லரின் ட்ரம்ஸ் வரி முடியும் இடத்தில் உந்தித் தள்ளுகிறது. கீபோட்டில் ஸ்டைலை (தானாக ஓடும் தாளத்தை) போட்டுவிட்டு, ஒக்டபேட் என்ற மின் தாளக் கருவியைத் தொட்டுத் தொட்டு வாசிக்கும் நம் கலியாண வீட்டு இசைக்குழுக்காரர் கட்டாயம் செய்து பார்க்க வேண்டிய ஒப்பீடு.

மெதுவான பாட்டுகளில் இந்தக் குறை இல்லை. ‘தெயர் மஸ்ட் பி மோர் டு லைஃப் தான் திஸ்’ 3 நிமிடம்தான். பியானோவும் குரலும் முன்னுக்கு நிற்க, மற்றதெல்லாம் ஒதுங்கிக்கொள்கிறது. மைக்கல் ஜாக்சனும் இதைப் பாடியிருக்கிறார், இருவர் குரலும் சேர்ந்த அந்தப் பதிவு 2014இல்தான் வெளியானது. கடைசிப் பாட்டு ‘லவ் மீ லைக் தெயர்ஸ் நோ டுமோரோ’வும் இதே வகை. ‘மை லவ் இஸ் டேஞ்சரஸ்’ ஜமேக்கா நாட்டு ரெகே தாளத்தில் தொடங்கி ரொக்குக்குத் தாவும், தாவல் ஒட்டவில்லை. ‘ஃபூலிங் அரவுண்ட்’ கேட்காவிட்டாலும் நட்டமில்லை. அல்பத்தைத் தன் பூனை ஜெரிக்கும் உலகத்துப் பூனைப் பிரியர் எல்லாருக்கும் சமர்ப்பித்த ஆளிடம் சீரான ரசனையை எதிர்பார்ப்பதும் பிழைதான்.

கேட்கும் கருவியும் முக்கியம். உள்ளங்கை அளவு புளூடூத் ஸ்பீக்கரில் 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ள அடிநாத ஒலி அநேகமாக ஒன்றும் வராது. சிந்தசைசர் பேஸ் காணாமல் போய்த் தாளம் தகரம்போல் அடிக்கும். ஆட்டோவின் பின்சீட்டுக்குக் கீழே பூட்டிய சப்வூஃபரில் நேர்மாறு, பேஸ் உறுமிக் குரலை மூடும். வயர் ஹெட்செட் நல்லது. போனின் ஈக்வலைசரில் (ஒலியின் ஏற்ற இறக்கத்தைத் திருத்தும் இடத்தில்) 8 கிலோஹெர்ட்ஸுக்கு மேலே 2, 3 டெசிபெல் குறைத்தால் 80களின் கூர்மை காதைக் குத்தாது.

மேடையில் பாட நினைப்பவர் மூலச் சுருதியில் தொடங்க வேண்டாம். கீபோட்டில் சுருதியை மாற்றும் ட்ரான்ஸ்போஸைக் குறைந்தது மைனஸ் 3க்கு (மூன்று அரைச்சுரம் கீழே) இறக்கி, முதலில் கோரஸைப் பாடிப் பாருங்கள். சரணம் இலகுவாக வருவதை நம்பித் தொடங்கினால் கோரஸில் தொண்டை கிழியும்.