துலாம்பென் லிபர்ட்டி: வழிகாட்டிக்கு முழு மதிப்பெண், வாடகைச் சாமானுக்கு இல்லை

பாலித் தீவின் துலாம்பெனில் கடலுக்கடியில் மூழ்கிக் கிடக்கும் லிபர்ட்டி கப்பலைப் பார்க்க நாங்கள் போன, ஆழ்கடலில் மூழ்கிப் பார்க்க அழைத்துப்போகும் டைவ் கடை பற்றியது இது. வழிகாட்டிக்காகத் தாராளமாகப் போகலாம், ஆனால் மாஸ்க், ரெகுலேட்டர் (சிலிண்டர் காற்றை வாய்க்குக் கொண்டுவரும் சாமான்) சொந்தமாக இருந்தால் கட்டாயம் கொண்டுபோய்விடுங்கள்.

விடியும்போதே இறங்கிவிட வேண்டும் என்று வழிகாட்டி பிடிவாதமாக இருந்தார், அது எவ்வளவு சரி என்று உள்ளே போனதும் புரிந்தது. நெற்றி புடைத்த பெரிய கிளிமீன்கள் இரவில் இந்தக் கப்பலுக்குள்தான் தூங்குகின்றன, வெளிச்சம் வந்ததும் கூட்டமாகக் கிளம்பிவிடும். துருப்பிடித்த இரும்புக்கு நடுவிலிருந்து ஒவ்வொன்றாக வெளியே வந்து, மீட்டருக்கு மேல் நீளமுள்ள உடம்போடு நம்மைக் கண்டுகொள்ளாமல் கடந்து போகின்றன. ஒன்று பக்கத்திலேயே நின்று பவளத்தைக் கடித்தது, அந்த நறநற சத்தம் தண்ணீருக்குள் தெளிவாகக் கேட்டது! ஒன்பது மணிக்கு மேல் தெற்கிலிருந்து வண்டி வண்டியாக ஆட்கள் வந்துவிடுகிறார்கள், அப்புறம் மீனைவிடக் குமிழிதான் அதிகம்.

இது அமெரிக்க ராணுவத்தின் சரக்குக் கப்பல், 1942 ஜனவரியில் ஜப்பானிய நீர்மூழ்கியின் டார்பிடோவில் அடிபட்டு, இழுத்துவரும் வழியில் இங்கே கரையேற்றப்பட்டது. இருபது வருடத்துக்கு மேல் கரையில் கிடந்ததை 1963இல் ஆகுங் எரிமலை வெடித்தபோது ஏற்பட்ட அதிர்வு கடலுக்குள் தள்ளிவிட்டது. அதனால்தான் படகே இல்லாமல் கரையிலிருந்து நீந்திப் போய்ச் சேரலாம். கிட்டத்தட்ட 5 மீட்டரிலிருந்து 30 மீட்டர் வரை சரிந்து கிடப்பதால், 18 மீட்டர் வரை மட்டும் அனுமதி உள்ள தொடக்கநிலை டைவர்களுக்கும் பார்க்க நிறைய உண்டு. முதலில் ஆழமான பக்கம், பிறகு மெல்ல மேலே என்று வழிகாட்டி போட்ட திட்டமும் பிடித்திருந்தது. கடைசியில் மேலே வருமுன் பாதுகாப்புக்காக 5 மீட்டரில் மூன்று நிமிடம் நிற்பதுகூட இங்கே சலிப்பில்லை, கண்ணெதிரே கப்பலும் மீன்களும் இருக்கின்றன. இடிபாட்டுக்குள் எங்கே நுழையலாம், எங்கே கூடாது என்று கரையிலேயே மணலில் வரைந்து காட்டினார். வேறு குழுவில் ஒருவர் படத்துக்காகக் கடல் விசிறியை (விசிறி வடிவப் பவள உயிரி) பிடித்துத் தொங்கியபோது, அருகில் போய்ச் சைகை காட்டி விலக்கினார். அந்த அக்கறை எல்லா வழிகாட்டிகளிடமும் இருப்பதில்லை.

குறை என்றால் சாமான்தான். எனக்குத் தந்த ரெகுலேட்டரில் வாயில் கடிக்கும் ரப்பர் கிழிந்திருந்தது, மாற்றிக் கொடுத்ததில் காற்று கசிந்தது, மூன்றாவதுதான் உருப்படி. முகம் சுளிக்காமல் மாற்றித் தந்தார்கள், அதை மறுக்கவில்லை. ஆனால் தண்ணீருக்கடியில் மூச்சு விடும் சாமானை வாடிக்கையாளர் கேட்டபிறகா பார்ப்பது?

கரை முழுக்க உருண்டைக் கற்கள், அலையில் காலடியிலேயே நகரும், தடித்த அடிப்பாகமுள்ள காலணி போட்டுக்கொள்ளுங்கள். விடியற்காலை டைவ் வேண்டும் என்று முந்தின நாளே சொல்லிவிடுங்கள். சிலிண்டரைத் திறந்து, வழக்கமானது, அவசரத்துக்கானது என்று இரண்டு வாய்ப்பகுதியிலும் மூச்சு விட்டுப் பார்த்த பிறகு மட்டும் கற்களில் கால் வையுங்கள்.