ஆட்டோவில் தொங்கும் பத்து ரூபாய் மஞ்சப்பை

ராமேஸ்வரத்தில் ஆட்டோ ஓட்டுகிறவன் கையில் பத்து ரூபாய் நாணயம் சேர்ந்துகொண்டே இருக்கும். வடக்கே இருந்து சாமி கும்பிட வருகிறவர்கள் தயங்காமல் எடுத்துக் கொடுப்பார்கள். அதையே நாம் டீக்கடையில் நீட்டினால் "வேற இல்லையாண்ணே?" என்று முகத்தைச் சுளிப்பார்கள். 14 வடிவங்களில் வந்த எல்லா நாணயமும் செல்லும் என்று ரிசர்வ் வங்கி 2018-லேயே சொல்லிவிட்டது. யார் கேட்கிறார்கள்? இந்த நாணயத்தை மறுபேச்சு இல்லாமல் வாங்கிக்கொள்வது, பத்து ரூபாய் போட்டால் மஞ்சள் துணிப்பை தரும் மஞ்சப்பை இயந்திரம் ஒன்றுதான். நான் பை வாங்க ஆரம்பித்ததற்கு இந்தச் சில்லறைத் தொல்லைதான் காரணம். கடலைக் காப்பாற்றும் எண்ணமெல்லாம் அப்போது கிடையாது.

ஒரு முறை ஓர் அலுவலக வாசலில் இருந்த இயந்திரம் காசை விழுங்கிவிட்டுச் சும்மா நின்றது. இரண்டு தட்டு தட்டினேன், காவலாளி முறைத்தார், வந்துவிட்டேன். மற்றபடி காசைப் போட்டால் பை கீழே வந்து விழுகிறது, அவ்வளவுதான்.

சரி, பைக்கு வருவோம். தடிமனான துணி, நல்ல மஞ்சள். முதல் சலவையில் சாயம் போகும், வெள்ளை வேட்டியோடு சேர்த்து ஊறப்போடாதீர்கள். கைப்பிடியைப் பையோடு சேர்த்திருக்கும் இடத்தில் இரட்டைத் தையல் இருக்கிறதா என்று பாருங்கள். எனக்கு வந்தவற்றில் ஒன்றில் அது இல்லை. நாலு தேங்காய் போட்டுத் தூக்கியதும் ஒரு பக்கம் பிரிந்தது. வீட்டில் தைத்துக் கொடுத்தார்கள், அதற்குப் பிறகு தாங்குகிறது. கல்யாண வீட்டில் தரும் தாம்பூலப் பையைவிடப் பெரியது. ஒரு வாரத்துப் பலசரக்கு அடங்கும். முண்டு மிளகாய் வத்தல் வாங்கினால் மட்டும் அதற்கென்று ஒரு பையை ஒதுக்கிவிடுங்கள். எவ்வளவு உதறினாலும் மூலையில் நாலு விதை ஒட்டிக்கொண்டு இருக்கும், அடுத்து அதில் போடுகிற முறுக்கிலும் காரம் ஏறும்.

கடைகளில் துணிப்பை மாதிரியே இன்னொன்றைத் தருகிறார்கள், ஏமாந்துவிடாதீர்கள். தொட்டால் சொரசொரவென்று, புள்ளிப் புள்ளியாக அழுத்தினது போல இருக்கும். ஓரத்தில் நூல் இழுத்தால் வராது. அது பிளாஸ்டிக். 2019 ஜனவரி 1-ல் தமிழ்நாட்டில் தடை வந்தபோதே அதுவும் பட்டியலில் இருந்தது. தண்ணீர் பாக்கெட்டும் இருந்தது. தண்ணீர் பாட்டில் இல்லை. தனுஷ்கோடி ரோட்டில் அதிகமாகக் கிடப்பது எது என்று நான் சொல்லத் தேவையில்லை.

'மீண்டும் மஞ்சப்பை' என்று அரசு 2021 டிசம்பரில் ஆரம்பித்தது கடைக்குப் போகிறவர்களுக்காக. நான் அதில் ஒன்றை ஆட்டோவில், என் சீட்டுக்குப் பின்கம்பியில், சவாரி உட்கார்ந்தால் முழங்காலுக்கு நேராக வரும்படி மாட்டிவைத்தேன். குப்பைக்கு.

அதற்கு முன்பெல்லாம் "வெளிய போடாதீங்கய்யா" என்று சொல்லிப் பார்த்திருக்கிறேன். சொன்னால் முகம் வாடிவிடும், வாடகை கொடுக்கும்போது அந்தக் கோபம் தெரியும். வெளியே போடாதவர்களும் சிப்ஸ் கவரைச் சுருட்டி சீட்டு இடுக்கில் செருகிவிட்டுப் போவார்கள். பையை மாட்டிய பிறகு நான் வாயைத் திறப்பதில்லை. மதுரைக்காரக் குடும்பம் ஒன்று. கோதண்டராமர் கோயில் திருப்பம் தாண்டியதும் அந்த ஐயா பாட்டிலைக் காலி செய்துவிட்டுக் கையை வெளியே நீட்டினார். பக்கத்தில் இருந்த அம்மா, "ஏங்க, அதான் பை தொங்குதுல்ல" என்றார். ஐயா கையை உள்ளே இழுத்துக்கொண்டார். ஒரு சண்டை இல்லை. பிள்ளைகள் இன்னும் மேல். பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுத்ததை அப்பாவிடம் காட்ட ஒரு வாய்ப்பு என்று காத்திருக்கும்.

இதை வைத்து ஜனங்கள் திருந்திவிட்டார்கள் என்று நான் சொல்லமாட்டேன். ஆட்டோவுக்குள் ஒழுங்காக இருந்த அதே ஆட்கள், தனுஷ்கோடி ரோடு முடியும் அரிச்சல்முனையில் இறங்கியதும் மாங்காய்த் துண்டு தின்ற தட்டை மணலில் போடுவதைப் பார்க்கிறேன். அங்கே பிளாஸ்டிக் போடாதே என்ற பலகை இருக்கிறது, ஆனால் கைக்கெட்டும் தூரத்தில் பை இல்லை. சிலர் மட்டும் காலிப் பாட்டிலைத் திரும்ப எடுத்து வருகிறார்கள், ஆட்டோவில் இடம் உண்டு என்று தெரிந்ததால். அந்தச் சிலர் முன்பு கிடையாது.

இந்த வேலைக்கு இந்தப் பையில் ஒரு பெரிய குறை: வாய் திறந்தே இருக்கிறது. தனுஷ்கோடி ரோட்டில் ஒரு பக்கம் பாக் விரிகுடா, மறுபக்கம் மன்னார் வளைகுடா, நடுவே நாம். காத்து எந்தப் பக்கம் அடித்தாலும் சிப்ஸ் கவர் பறந்து ஏதாவது ஒரு கடலுக்குத்தான் போகும். இரண்டு கைப்பிடியையும் சேர்த்து ஒரு ஊக்கு குத்தினேன். பாட்டில் நுழைகிற அளவு வாய் இருக்கிறது, கவர் வெளியே வருவதில்லை. சாயங்காலம் நகராட்சித் தொட்டியில் கொட்டுவேன். "பாட்டிலையும் வாழைப்பழத் தோலையும் தனியாப் போடுங்கண்ணே, நாங்கதான கையை விட்டுப் பிரிக்கிறோம்" என்று தூய்மைப் பணியாளர் அக்கா ஒருவர் சொன்னார். அதிலிருந்து தோல், பூ எல்லாம் இன்னொரு பையில்.

அப்புறம் ஈரம். இதைத்தான் விரிவாகச் சொல்ல வேண்டும். ஏனென்றால் இந்தப் பை உலர்ந்த சாமான் வாங்கும் ஊரை மனதில் வைத்துச் செய்தது, எங்கள் ஊரில் பாதிச் சாமான் சொட்டச் சொட்ட வரும். அக்னி தீர்த்தத்தில் முழுகி, கோயிலுக்குள்ளே 22 தீர்த்தமும் ஆடிவிட்டு வருகிறவர்கள் ஈரத்துணியை எதில் வைப்பார்கள்? மஞ்சப்பையில் வைத்தால் என் சீட்டும் அவர்கள் மடியும் நனைகிறது. பிளாஸ்டிக் பையைத் தேடுகிறார்கள், கிடைக்காவிட்டால் துணியையே கடலோரத்தில் விட்டுவிட்டு வருகிறவர்களும் உண்டு. நான் இப்போது ஒரு பழைய பெயிண்ட் வாளியைப் பின்னால் கட்டிவைத்திருக்கிறேன்.

மீனும் அப்படித்தான். பாம்பனில் நகரை மீன் வாங்கி மஞ்சப்பையில் போட்டுக் கொண்டுவந்தால், எத்தனை சோப்பு போட்டாலும் வாடை போகாது. மீன் விற்கும் அக்காமார் எல்லாரும் இன்னும் கேரிபேக்தான் வைத்திருக்கிறார்கள், நான் குறை சொல்லமாட்டேன், வாங்குகிறவன் வெறுங்கையோடு வந்து நின்றால் அவர்கள் என்ன செய்வார்கள்? தூக்குவாளியை நீட்டியபோது, "ஆட்டோக்காரத் தம்பி பால் வாங்க வந்துட்டாரு" என்று சிரித்தார்கள். இப்போது வாளியைப் பார்த்ததும் பேசாமல் வாங்கிப் போடுகிறார்கள். நண்டுக்கு வாளிதான் என்றைக்கும் சரி, கேரிபேக்கைக் கொடுக்கால் கிழித்துவிடும். கருவாட்டுக்கு மட்டும் பனையோலைப் பெட்டி. காற்று புகுவதால் ஈரம் கோர்க்காது, சந்தையில் இன்னும் கிடைக்கிறது.

ஐந்துக்கு மூன்றரை கொடுப்பேன். பலசரக்குக்கு முழு மார்க், மீனுக்கும் ஈரத்துணிக்கும் பூஜ்யம். ஆட்டோ, வேன் வைத்திருப்பவர்கள் மூன்றாக வாங்குங்கள்: ஒன்று பாட்டிலுக்கு, ஒன்று தோலுக்கு, ஒன்று துவைத்துக் காயும்போது மாற்ற. ஊக்கு பெரியதாக இருக்கட்டும், சின்னது உப்புக்காற்றில் சீக்கிரம் துருப்பிடித்துத் துணியையும் கறையாக்குகிறது.