டூசானில் பறவை பார்க்க: முதலில் ஸ்வீட்வாட்டர், பிறகுதான் மலை

அமெரிக்காவின் தெற்கு அரிசோனாவுக்குப் பறவை பார்க்க வருகிறவர்கள் வாய் திறந்ததும் கேட்பது மடேரா கன்யன் என்ற மலைப் பள்ளத்தாக்கைத்தான். நான் அவர்களை முதலில் அனுப்புவது ஸ்வீட்வாட்டர் சதுப்புநிலத்துக்கு. டூசான் நகரின் கழிவுநீர்ச் சுத்திகரிப்புக்காக 1996-இல் அமைத்த குளங்கள் இவை. சுற்றிலும் சம்புப்புல் மண்டிக் கிடக்கிறது. அனுமதிக் கட்டணம் கிடையாது. பக்கத்து ஐ-10 நெடுஞ்சாலையின் இரைச்சல் ஓயாது. பறவைகளுக்கு அது பொருட்டே இல்லை. பாலைவனத்தில் தண்ணீர் தேங்கினால் போதும், எங்கிருந்தோ வந்து இறங்கிவிடுகின்றன.

குளிர்காலக் காலைகளில் தட்டைவாயன் வாத்துகள் அலகை நீரில் அமிழ்த்தியபடி கூட்டமாக வட்டமிடும். முன்னே போவது கலக்கிவிட்டதைப் பின்னே வருவது வடிகட்டித் தின்னும். வெர்மிலியன் ஈப்பிடிப்பான் குங்குமம் அப்பியதுபோல் கிளை நுனியில் உட்கார்ந்திருக்கும். பாய்ந்து பூச்சியைக் கவ்விக்கொண்டு பெரும்பாலும் அதே கிளைக்கே திரும்பும். புதிதாகக் கேமரா வாங்கியவருக்கு இதைவிட ஒத்துழைக்கும் பறவை கிடைக்காது. எனக்குப் பிடித்தவை ஹாரிஸ் பருந்துகள்தான். குடும்பமாகச் சேர்ந்து வேட்டையாடும் பருந்து வேறெங்கே இருக்கிறது? கம்பத்தின் உச்சியில் ஒன்றின் முதுகில் இன்னொன்று ஏறி நிற்பதும் உண்டு. கீழே இருப்பது முகம் சுளிப்பதாகத் தெரியவில்லை.

மடேராவைக் குறை சொல்லவில்லை. தெற்கே ஒரு மணி நேரக் கார் பயணத்தில் கள்ளியும் புல்வெளியும் போய், ஓக், சிகமோர் மரநிழல் வந்துவிடுகிறது. ஏகோர்ன் மரங்கொத்தி மரத்தில் துளை துளையாகக் கொத்தி ஓக் கொட்டைகளைச் செருகி வைப்பதைப் பார்க்கவே போகலாம். ஆனால் எலிகன்ட் ட்ரோகனை மட்டும் குறிவைத்துப் போகிறவர் பாதி நாள் கழுத்து வலியோடுதான் திரும்புவார். அந்தப் பறவை வருவதும் பெரும்பாலும் கோடையில்தான்.

நடக்க முடியாதவர்களுக்கு என் பரிந்துரை அரிசோனாவிலேயே இருக்கும் பட்டகோனியா ஊரின் பேட்டன் மையம். ஒரு தம்பதி தங்கள் கொல்லைப்புறத்தைப் பறவை பார்ப்போருக்குத் திறந்துவிட்டதில் தொடங்கிய இடம். 2014 முதல் டூசான் பேர்ட் அலையன்ஸ் என்ற பறவைப் பாதுகாப்பு அமைப்பின் (முன்பு டூசான் ஆடுபான் சங்கம்) வசம் இருக்கிறது. நாற்காலியில் சாய்ந்தபடியே ஊதா முடி ஹம்மிங்பேர்ட் சர்க்கரைத் தண்ணீர் குடிப்பதைப் பார்க்கலாம். ஹம்மிங்பேர்ட் வகைகள் அதிகம் வேண்டுமென்றால், பருவமழை பெய்யும் ஆகஸ்டில் போங்கள்.

ஸ்வீட்வாட்டருக்கு விடிந்ததும் போய்விடுங்கள், வெயில் ஏறினால் நிழல் குறைவு. வெப்பமான மாதங்களில் திங்கட்கிழமை காலை மட்டும் வேண்டாம். கொசு ஒழிப்புக்காக மூடிவைக்கிறார்கள்.