மூலமும் உரையும்: நூற்பட்டியல் மாதிரியோடு பன்னிரண்டு ஆண்டுகள்

சென்ற மாதம் எங்கள் கல்லூரி நூலகத்தின் மென்பொருளைப் புதுப்பித்தார்கள். ஒரே நூலின் பல பதிப்புகள் தேடல் பக்கத்தில் இனிச் சிதறிக் கிடக்காது, ஒரே வரியில் திரண்டு வரும் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். நான் பல ஆண்டுகளாகக் கேட்டுக்கொண்டிருந்த வசதி அது. அன்று மாலையே ‘திருக்குறள்’ என்று தட்டிப் பார்த்தேன். ‘திருக்குறள் – திருவள்ளுவர் – 186 பதிப்புகள்’ என்று ஒற்றை வரி வந்து நின்றது. அதைத் திறந்தால் ஜி. யு. போப்பின் ஆங்கில மொழிபெயர்ப்பு, மு.வ. தெளிவுரை, குழந்தைகளுக்கான படப் புத்தகம், பரிமேலழகர், மணக்குடவர், காளிங்கர் எல்லாம் வெளியான ஆண்டு வரிசையில் ஒன்றன்கீழ் ஒன்று. எந்த வரியிலும் உரையாசிரியர் பெயர் இல்லை. தலைப்பும் ஆண்டும் பதிப்பகமும் மட்டும்.

மூன்றாம் நாள் ஆய்வு மாணவி ஒருவர் வந்து, காளிங்கர் உரை நம் நூலகத்தில் இல்லையா என்று கேட்டார். எழுந்துபோய்க் கடைசி அடுக்கிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். அதற்கு முந்தைய இரண்டு நாளும் அவர் அந்த 186 வரிகளில் நாற்பதுக்கு மேல் திறந்து பார்த்து, சலித்துப்போய்த் திரும்பியிருக்கிறார். எனக்கு வந்த கோபம் இன்னும் ஆறவில்லை.

அதே வாரத்தில், முன்பு என்னிடம் பயிற்சிக்கு வந்து இப்போது வேறொரு கல்லூரியில் நூலகராக இருக்கும் தம்பி தொலைபேசியில் அழைத்தார். “அக்கா, எங்கள் பட்டியலை எல்.ஆர்.எம். மாதிரிக்கு மாற்றலாம் என்று நினைக்கிறேன். நிதி கிடைக்கும் போலிருக்கிறது. நீங்கள் பல வருடமாக அதை வைத்து வேலை செய்கிறீர்களே, என்ன சொல்கிறீர்கள்?” எல்.ஆர்.எம். என்பது ஒரு நூலின் பல வடிவங்களையும் பதிப்புகளையும் பட்டியலில் எப்படி உறவுபடுத்துவது என்று வகுக்கும் நூற்பட்டியல் மாதிரி. அவரிடம் அவசரமாகச் சொன்னதை இங்கே நிதானமாகச் சொல்லப் பார்க்கிறேன்.

படைப்பு (ஆசிரியர் உருவாக்கிய நூல்), வெளிப்பாடு (அது சொற்களில் பெறும் ஒரு வடிவம்), வெளியீடு (அச்சில் வந்த பதிப்பு), படி (கையில் இருக்கும் ஒரு பிரதி) என்ற நான்கு அடுக்குகளைப் படித்துத்தான் நூலகர்கள் எல்லோரும் பட்டம் வாங்கியிருக்கிறோம். 1998-இல் எஃப்.ஆர்.பி.ஆர். என்ற பெயரில், நூலகச் சங்கங்களின் உலகக் கூட்டமைப்பான இஃப்லா வெளியிட்ட அறிக்கை, பிறகு பெயர்களுக்கும் பொருள் தலைப்புகளுக்கும் வந்த இரண்டு துணை மாதிரிகள், 2017-இல் மூன்றையும் இணைத்த எல்.ஆர்.எம். இதெல்லாம் தெரிந்த கதை. இவற்றை வைத்துக்கொண்டு ஒரு தமிழ் நூல் திரட்டைப் பன்னிரண்டு ஆண்டுகள் பட்டியலிட்டால் என்ன ஆகிறது என்பதைத்தான் நான் சொல்ல முடியும்.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். நன்னூலுக்கு விருத்தியுரை என்று ஓர் உரை உண்டு. சங்கரநமச்சிவாயர் செய்தது, பின்னர் சிவஞான முனிவர் திருத்தியது. பழைய அட்டைப் பட்டியலில் எங்களிடம் இருந்த பிரதிகளில் பாதி முதலாமவர் பெயரிலும் பாதி இரண்டாமவர் பெயரிலும் இருந்தன. யார் சரி என்று இரண்டு தலைமுறை நூலகர்கள் அட்டையின் ஓரத்தில் பென்சிலால் சண்டை போட்டிருக்கிறார்கள். நான்கடுக்கு மாதிரி அந்தச் சண்டையை ஒரே நாளில் தீர்த்தது. உரை ஒரு படைப்பு. சங்கரநமச்சிவாயர் எழுதிய வடிவம் அதன் ஒரு வெளிப்பாடு, முனிவர் திருத்திய வடிவம் இன்னொன்று. இருவர் பெயரும் அவரவர் செய்த வேலைக்குரிய இடத்தில் போய் உட்கார்ந்தன. அன்று அடைந்த நிறைவை இன்றும் மறக்கவில்லை.

அதைவிடப் பெரிய மகிழ்ச்சி எல்.ஆர்.எம். கொண்டுவந்த ‘நோமென்’. பெயரையே தனிப் பொருளாக நிறுத்தி, அது எந்த எழுத்தில், எந்த மொழியில், எந்தச் சூழலில் வழங்குகிறது என்று அதற்கே பண்புகளை எழுதிவைக்கலாம் என்கிறது. தமிழ் நூல்களைக் கையாள்பவருக்கு இது எவ்வளவு பெரிய விடுதலை என்று வெளியில் இருப்பவர்களுக்குப் புரியாது. உ.வே.சா. பதிப்பித்த நூல்களை எடுத்துக்கொள்ளுங்கள். எங்கள் பட்டியலில் ‘சாமிநாதையர், உ. வே.’ என்று ஒரு கூட்டம், ‘சாமிநாத ஐயர்’ என்று ஒரு கூட்டம், ‘ஸ்வாமிநாதையர்’ என்று ஒரு கூட்டம், ரோமன் எழுத்தில் நான்கு விதம். முன்னெழுத்தைக் கடைசிக்குத் தள்ளும் மேலைநாட்டு வழக்கம் இங்கே எதைச் சாதித்தது? உ. என்பது உத்தமதானபுரம் என்ற ஊர். வே. என்பது தந்தை வேங்கடசுப்பையர். குடும்பப் பெயர் என்று ஒன்று அங்கே இல்லவே இல்லை. சொ. விருத்தாசலத்தைத் தேடினால் புதுமைப்பித்தன் வர வேண்டும், ரா. கிருஷ்ணமூர்த்தியைத் தேடினால் கல்கி வர வேண்டும். இரண்டு கோடைவிடுமுறைகளைச் செலவழித்துப் பெயர்க் கோப்பை அந்த முறையில் திருத்தினேன். ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர் ‘ஸ்வாமிநாதையர்’ என்று பழைய வழக்கப்படியே தட்டி, அத்தனை பதிப்புகளும் வந்து நின்றதைப் பார்த்து, எதுவும் பேசாமல் திரையைத் தொட்டுப் பார்த்தார்.

இனி உரைக்கு வருகிறேன். பன்னிரண்டு ஆண்டுகளாக என்னை உறுத்திக்கொண்டிருப்பது இந்த ஒன்றுதான்.

பழைய பதிப்பு ஒன்றின் முகப்புப் பக்கம் என் மேசையில் விரிந்திருக்கிறது. ‘திருக்குறள் மூலமும் பரிமேலழகர் உரையும்’. அந்த இரண்டு ‘உம்’களைக் கவனியுங்கள். அச்சிட்டவர் தெளிவாகச் சொல்லிவிட்டார்: அட்டை ஒன்று, உள்ளே இருப்பவை இரண்டு. நம் மரபு இதில் ஒருநாளும் குழம்பியதில்லை. சேனாவரையர் தொல்காப்பியச் சொல்லதிகாரத்துக்கு எழுதியதைச் சேனாவரையம் என்கிறோம். இளம்பூரணர் எழுதியது இளம்பூரணம், நச்சினார்க்கினியர் எழுதியது நச்சினார்க்கினியம். எழுதியவர் பெயரோடு ஓர் ‘அம்’ சேர்ந்ததும் அது தனக்கென்று பெயருள்ள நூலாகிவிடுகிறது.

நாங்கள் பயின்ற ஏ.ஏ.சி.ஆர்.2 என்ற பழைய பட்டியலிடும் விதிகள் என்ன சொன்னன? மூலமும் உரையும் ஒன்றாக வந்தால் முகப்புப் பக்கம் எதை முன்னிறுத்துகிறது என்று பார், உரையை முன்னிறுத்தினால் உரையாசிரியர் பெயரில் பதிவு செய், மூலத்தை முன்னிறுத்தினால் மூல ஆசிரியர் பெயரில் பதிவு செய். விளைவு, ஒரே பரிமேலழகர் உரை ஒரு பதிப்பகத்தின் அட்டையில் ‘திருக்குறள்’ பெரிதாக இருந்ததால் வள்ளுவரிடமும், இன்னொன்றில் ‘பரிமேலழகர் உரை’ பெரிதாக இருந்ததால் பரிமேலழகரிடமும் போய்ச் சேர்ந்தது. அச்சகத்தில் எழுத்தின் அளவைத் தீர்மானித்தவர் எங்கள் பட்டியலைத் தீர்மானித்தார்.

நான்கடுக்கு மாதிரி வந்தபோது இது தீரும் என்று நம்பினேன். கொள்கையளவில் தீரத்தான் வேண்டும். உரை தனிப் படைப்பு என்றே மாதிரி சொல்கிறது. ஆனால் எஃப்.ஆர்.பி.ஆர். அறிக்கையில் படைப்புகளுக்கு இடையிலான உறவுகளின் அட்டவணையைப் பாருங்கள். துணைநூல் என்ற தலைப்பின் கீழ் சொல்லடைவு, ஆசிரியர் கையேடு, பின்னிணைப்பு ஆகியவற்றோடு அருஞ்சொற்குறிப்பும் ஒரே மூச்சில் வருகிறது. உரைக்கு மிக அருகில் அங்கே நிற்பது அதுதான். பல படைப்புகள் ஒரே அட்டைக்குள் வருவதை ஆராய்ந்த பணிக்குழு 2011-இல் அறிக்கை கொடுத்தது. அது மூன்று வகை சொன்னது: தொகுப்புகள், ஒரே நூலின் பல மொழி வடிவங்கள் இணைந்து வருபவை, முதன்மையான ஒரு நூலுக்குச் சார்பு நூல்கள் சேர்க்கப்பட்டவை. முன்னுரை, ஓவியம், குறிப்புரை எல்லாம் மூன்றாம் வகையில் அடங்கும். பரிமேலழகரும் அங்கேதான் போய் நிற்க வேண்டும். முன்னுரை எழுதியவருக்கும் அவருக்கும் ஒரே நாற்காலி. எங்கள் நூலகத்தில் குறளைத் தேடி வருபவர்களில் பெரும்பாலோர் உரையைத் தேடித்தான் வருகிறார்கள். மூலம் அவர்களுக்குக் கைப்பேசியிலேயே இருக்கிறது.

இன்னொரு சிக்கல், இதை யாரும் பேசுவதில்லை. மூலம் எல்லா உரைகளிலும் ஒன்றுதானா? பரிமேலழகர் பொருட்பாலை அரசியல், அங்கவியல், ஒழிபியல் என்று மூன்றாகப் பகுக்கிறார். மணக்குடவரிடம் பகுப்பு வேறு. அதிகாரங்களுக்குள் குறள்களின் வரிசையும் வேறுபடுகிறது, சில இடங்களில் பாடமே வேறு. நாம் இன்று சொல்லும் குறள் எண்கள் பரிமேலழகர் வரிசையை ஒட்டியவை. ஆகவே மணக்குடவர் கண்ட குறள் ஒரு வெளிப்பாடு, பரிமேலழகர் கண்ட குறள் இன்னொரு வெளிப்பாடு. இதைச் சொல்வதற்கு மாதிரியில் இடம் இருக்கிறது, அழகாகவே இருக்கிறது. மார்க் 21 பதிவில், அதாவது நூல் விவரங்களை எண்ணிட்ட புலங்களில் கணினிக்கு எழுதும் வடிவத்தில், அதை எழுதிவைக்கத்தான் நான் படாத பாடு படுகிறேன். 245-இல் தலைப்பு, 700-இல் இரண்டாம் குறியீட்டை 2 (உள்ளே அடங்கிய படைப்பு) என்று வைத்து வள்ளுவருக்கு ஒரு பதிவு, உரையாசிரியருக்கு இன்னொரு 700, அதில் உறவுச் சொல், பிறகு குறிப்பில் ‘மணக்குடவர் பாடம்’ என்று ஒரு வரி. பல உரைகளைச் சேர்த்து அச்சிட்ட உரைக்கொத்து ஒன்று வந்துவிட்டால் அன்றைய பிற்பகல் முழுதும் அதற்கே போய்விடும். இவ்வளவையும் செய்து முடித்த பதிவுகளைத்தான் சென்ற மாதம் ஒரு நிரல் வந்து, ஆசிரியர் பெயரையும், ஒரு நூலின் எல்லாப் பதிப்புகளுக்கும் பொதுவாகக் கொடுக்கும் சீர்தலைப்பையும் ஒட்டி ஒரு திறவுச்சொல் செய்து, அத்தனையையும் ‘திருவள்ளுவர், திருக்குறள்’ என்று ஒரே குவியலாக்கியது. என் 700 புலங்களை அது திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. உரையாசிரியர் பெயரில் இருந்த பதிவுகளோ குவியலுக்கு வெளியே தனியாக நிற்கின்றன. பரிமேலழகர் இப்போதும் இரண்டு வீட்டில் இருக்கிறார்.

மாதிரியைக் குறை சொல்வது நியாயமா என்று எனக்கே கேட்டுக்கொண்டேன். தலைப்பு ஒத்துப்போனால் குவித்துவிடு என்று மாதிரி எங்கும் சொல்லவில்லை. நிரல் எழுதியவர் எளிய வழியைத் தேர்ந்துகொண்டார், அவ்வளவுதான். மார்க் வடிவம் 1960-களில் அட்டை அச்சிடுவதற்காகப் பிறந்தது, அதன் தலையில் இவ்வளவு சுமையை ஏற்றியது நம் பிழை. நியாயமாகப் பார்த்தால் இதெல்லாம் சரிதான். ஆனாலும் நூலகவியல் அறிஞர் ரங்கநாதனை நினைக்கும்போது கோபம் திரும்பி வந்துவிடுகிறது. 1924-இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகராகப் பொறுப்பேற்றவர். சூத்திரம், அதற்குப் பாஷ்யம், பாஷ்யத்துக்கு வியாக்கியானம் என்று அடுக்கடுக்காக வளரும் நூல்களைப் பார்த்தே பழகியவர். அதனால் தாம் வகுத்த கோலன் பகுப்பு என்ற நூற்பகுப்பு முறையில் செவ்வியல் நூல்களுக்கென்றே ஓர் உத்தியை வைத்தார். மூலத்தின் பதிப்புகள் ஓரிடத்தில் நிற்கும், அவற்றை அடுத்து ஒவ்வோர் உரையும் தன் பதிப்புகளோடு நிற்கும், உரைக்கு எழுந்த உரை அந்த உரையின் பக்கத்தில் நிற்கும். கணினி இல்லாத காலத்தில் மர அலமாரியில் நடந்த காரியம். அந்த அலமாரி வரிசை இருந்தால் காளிங்கரை அந்த மாணவி கண்ணாலேயே கண்டுபிடித்திருப்பார்.

தம்பிக்கு ஒரு கணக்கும் சொன்னேன். நூலகங்களின் கூட்டுறவு அமைப்பான ஓ.சி.எல்.சி. தன் உலகளாவிய பட்டியலை 2003-இல் ஆராய்ந்தபோது முக்கால் பங்குக்கும் மேற்பட்ட படைப்புகளுக்கு ஒரே ஒரு வெளியீடுதான் இருந்தது. அவற்றுக்கு நான்கடுக்கும் தேவையில்லை, இருக்கிற பதிவே போதும். உழைப்பு கேட்பவை மிச்சமுள்ள சிறுபகுதி. தமிழ்த் திரட்டில் அந்தச் சிறுபகுதி என்பது குறள், தொல்காப்பியம், நன்னூல், கம்பராமாயணம், திருவாசகம். அதாவது அலமாரியில் அதிகம் கை படும் நூல்கள்.

அதனால், வேண்டாம் என்று சொன்னேன். நிதி வந்தால் மென்பொருளுக்குக் கொடுக்காதே, பெயர்க் கோப்பைச் சரிசெய்ய இரண்டு ஆட்களை ஓராண்டுக்கு வை, எல்.ஆர்.எம். அறிக்கையைப் படி, நோமென் பகுதியை இரண்டு முறை படி, பட்டியலில் மட்டும் இப்போதைக்குக் கை வைக்காதே என்றேன். அவர் சற்று ஏமாந்துதான் போனார். “நீங்கள் விட்டுவிடுவீர்களா அக்கா?” என்று கேட்டார்.

விடமாட்டேன். பரிமேலழகரை முன்னுரை எழுதியவரோடு உட்காரவைக்கும் மாதிரிதான் என்றாலும், விருத்தியுரைச் சண்டையைத் தீர்த்தது அதுதானே. குவிக்கும் வசதியை நிறுத்திவைக்கச் சொல்லி எழுதிக் கொடுத்துவிட்டேன். நிரலைத் திருத்தித் தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள், அதுவரை உரைகளுக்குத் தனித்தனிச் சீர்தலைப்புக் கொடுத்துக்கொண்டிருக்கிறேன், ஒவ்வொரு பிரதியையும் அடுக்கிலிருந்து எடுத்து, முகப்புப் பக்கத்தைத் திறந்து பார்த்து. காளிங்கரில்தான் தொடங்கினேன். மணக்குடவர் இன்று முடிந்தது. நாளை பரிப்பெருமாள்.