லைட்ரூமில் ஜோடிப் படங்கள்: சில வருடப் பழக்கத்தில் தெரிந்துகொண்டது

அடோபியின் படம் திருத்தும் மென்பொருளான லைட்ரூம் கிளாசிக்கைச் சில வருடங்களாகப் பயன்படுத்தி வருகிறேன். அதில் நான் அதிகம் திருத்துவது கணவனும் மனைவியும் சேர்ந்து நிற்கும் படங்களைத்தான். தனி ஆள் படத்தைவிட இவை ரொம்பப் படுத்தும். ஒருவர் கறுப்பு, மற்றவர் மாநிறம் என்றால் ஒரு முகத்துக்கு வெளிச்சத்தைச் சரிசெய்ததும் இன்னொரு முகம் கெட்டுவிடும்.

படத்தில் ஒரு பகுதியை மட்டும் தேர்ந்தெடுத்துத் திருத்துவதற்குத்தான் மாஸ்க். 2021 அக்டோபரில் அந்தப் பகுதியைப் புதிதாக அமைத்தார்கள். அடுத்த வருட அக்டோபரில் படத்தில் இருக்கும் ஒவ்வொருவரையும் தனியாகப் பிரித்து, முகத்தோல், கண், உதடு, பல், முடி என்று தேர்ந்தெடுக்கும் வசதி வந்தது. ஜோடிப் படம் திருத்துகிறவர்களுக்கு இது பெரிய விடுதலை. அதற்கு முன்பு பிரஷ்ஷை வைத்துக் கன்னம் கன்னமாகத் தடவிக்கொண்டிருந்தோம்.

திருக்கடையூரில் பெரியப்பாவுக்கு அறுபதாம் கல்யாணம் முடிந்ததும் மண்டபத்தில் எடுத்த ஒரு படத்தைச் சொல்கிறேன். மேலே டியூப்லைட், பக்கவாட்டில் வாசல் வெளிச்சம். ரோஜா மாலையின் சிவப்பு இருவரின் தாடைக்கடியிலும் ஏறியிருந்தது. பெரியம்மா முகத்தில் மஞ்சள். வெளிச்சத்தின் நிறச்சாயலைத் தானாகச் சரிசெய்யும் ஆட்டோ ஒயிட் பேலன்ஸ் அந்த மஞ்சளைக் குறையாக எடுத்துக்கொண்டு படத்தையே நீலமாக்கிவிட்டது. அதனால் வேட்டியின் நிழல் விழாத ஒரு மடிப்பில், ‘இதுதான் வெள்ளை’ என்று காட்டும் ஐட்ராப்பரை வைத்துத் தொடங்கினேன். இரண்டு முகத்துக்கும் தனி மாஸ்க். பெரியப்பாவுக்கு எக்ஸ்போஷர் (மொத்த வெளிச்சம்) கொஞ்சம் ஏறியது, பெரியம்மாவுக்கு ஹைலைட்ஸ் (பளிச்சென்ற இடங்கள்) கொஞ்சம் இறங்கியது. தாடைச் சிவப்புக்கு மட்டும் சின்ன பிரஷ், சாச்சுரேஷனை (நிற அடர்த்தியை) குறைத்தால் போதும்.

தோலை வழவழப்பாக்க, நுண்ணிய விவரங்களைக் கூட்டிக் குறைக்கும் டெக்ஸ்சரை மைனஸ் பக்கம் இழுப்பார்கள். மைனஸ் பத்துக்கு மேல் நான் போவதில்லை. போனால் முதலில் மங்குவது நெற்றியில் இருக்கும் விபூதிக் கோடுதான். அதேபோல ஆரஞ்சு லூமினன்ஸை (ஆரஞ்சு நிறத்தின் பிரகாசத்தை மட்டும்) ஏற்றி ஆளை வெளுக்க வைக்கும் வேலையும் வேண்டாம். நம் தோல் நிறம் பெரும்பாலும் அந்த ஆரஞ்சுக்குள்தான் இருக்கிறது. அதை ஏற்றினால் சிவப்பழகு வராது, சாம்பல் பூசிய மாதிரிதான் வரும். “கொஞ்சம் கலரா ஆக்கிடுங்க தம்பி” என்று கேட்பவர்களுக்கு முகத்தில் வெளிச்சத்தை மட்டும் கூட்டிக் காட்டுகிறேன். பெரும்பாலானவர்கள் அதிலேயே திருப்தியாகிவிடுகிறார்கள்.

கருத்துக் கேட்பதிலும் ஒரு முறை உண்டு. “நல்லா இருக்கா?” என்று கேட்டால் எல்லோரும் “சூப்பர்” என்பார்கள். நான் படத்தை இரண்டு விநாடி காட்டி மூடிவிட்டு, “முதல்ல எதைப் பார்த்தீங்க?” என்று கேட்பேன். இந்தப் படத்துக்கு நண்பர் ஒருவர் சொன்ன பதில், “வேட்டி.” சரிதான். கீழே பளீரென்று வெள்ளை இருக்கும்போது கண் முகத்துக்கு எப்படிப் போகும்? அடியிலிருந்து லீனியர் கிரேடியன்ட் (படிப்படியாக மங்கிப்போகும் மாஸ்க்) ஒன்றை இழுத்து, எக்ஸ்போஷரை அரை ஸ்டாப் (வெளிச்ச அளவு) குறைத்ததும் பார்வை மேலே ஏறியது. பட்டு ஜரிகையும் கூடவே அடங்கியது.

பெரியம்மா சொன்னதோ வேறு. “டேய், கன்னத்து மச்சத்தை மட்டும் எடுத்துடாதே, அது இல்லேன்னா நான் என் தங்கச்சி மாதிரி இருப்பேன்.” பரு போகலாம், மச்சம் இருக்கட்டும் என்பது அதிலிருந்து என் வழக்கம். யார் கேட்டாலும் பழைய திருத்தத்தை அழிக்காமல் வெர்ச்சுவல் காப்பி (அதே படத்தின் இன்னொரு திருத்தப் பிரதி) எடுத்துக்கொண்டு மாற்றுகிறேன். பாதி நேரம் முதல் காப்பிதான் அவர்களுக்குப் பிடிக்கிறது.

எந்த மென்பொருளும் தீர்க்காத ஒன்றும் உண்டு. 50 எம்எம் லென்ஸில் எஃப் 1.8 (லென்ஸ் திறப்பின் அளவு; எண் சிறிதானால் ஃபோகஸில் இருக்கும் ஆழம் குறையும்) வைத்துக் கிட்டத்தில் எடுத்து, ஒருவர் அரை அடி பின்னால் நின்றால் அவர் கண் ஃபோகஸில் இருக்காது. ஷார்ப்னஸை எவ்வளவு ஏற்றினாலும் அது திரும்பாது. இருவர் என்றால் எஃப் 4க்குப் போய்விடுங்கள்.

பணம் கொடுத்து ஒரேயடியாக வாங்கும் லைட்ரூம் 2017உடன் நின்றுவிட்டது, இப்போது சந்தாதான். வருடத்துக்கு நாலு குடும்பப் படம் திருத்துகிறவருக்கு அது தண்டச்செலவு. இதே வேலையைச் செய்யும் டார்க்டேபிள் என்ற மென்பொருள் இலவசம், பழகக் கொஞ்சம் நாளாகும், அவ்வளவுதான். எதில் திருத்தினாலும் மானிட்டர் பிரைட்னஸைக் குறைத்து வைத்துக்கொள்ளுங்கள். திரையில் பளிச்சென்று தெரிவது காகிதத்தில் இருட்டாகத்தான் வரும். பன்னிரண்டுக்குப் பதினெட்டு ஃபிரேம் போடுவதற்கு முன்னால், அதே பேப்பரில் நாலுக்கு ஆறு ஒன்று அடித்துத் தரச் சொல்லி, பகல் வெளிச்சத்தில் பாருங்கள்.